வரிக்குதிரை யாருடையது? கழித்துக்கட்டியே ஒரு புதிரை முடிப்பது

இந்தப் புதிரின் பதினைந்து துப்புகளில் எதிலும் வரிக்குதிரை என்ற சொல் கிடையாது. கடைசிக் கேள்வியில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டும். தண்ணீரும் அப்படித்தான். ஆகவே "வரிக்குதிரை எங்கே?" என்று நேராகத் தேடிப் போனால் எந்த வரியிலும் பிடி கிடைக்காது. மற்ற எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் உட்காரவைத்தபின் எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ, அங்கேதான் வரிக்குதிரை. கழித்துக்கட்டும் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல புதிர் எனக்குத் தெரிந்து இல்லை.

'லைஃப் இன்டர்நேஷனல்' இதழில் 1962 டிசம்பர் 17 அன்று வெளிவந்தது இது. விடையும், உலகெங்கிலுமிருந்து சரியாக விடுவித்த சில நூறு பேரின் பெயர்களும் 1963 மார்ச் 25 இதழில் அச்சாயின. ஐன்ஸ்டைன் சிறுவனாக இருந்தபோது உருவாக்கியது, உலகில் 2 சதவீதம் பேரால்தான் முடியும் என்ற ஒட்டுக்கதையோடு வாட்ஸாப்பில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஐன்ஸ்டைன் பிறந்தது 1879-இல். துப்புகளில் வரும் பார்லிமென்ட் சிகரெட் 1931-இலும் கூல் சிகரெட் 1933-இலும்தான் கடைக்கு வந்தன. லூயிஸ் கரோல் எழுதியது என்பாரும் உண்டு. அவர் 1898-லேயே இறந்துவிட்டார். அந்த 2 சதவீதத்தைக் கேட்டுப் பயந்து விலகியவர்கள் ஏராளம் என்பதுதான் இதில் வருத்தம். பென்சிலும் பொறுமையும் இருந்தால் பத்தாம் வகுப்பு மாணவர் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய புதிர் இது.

துப்புகள் இவை. ஓல்டு கோல்டு, கூல், செஸ்டர்ஃபீல்டு, லக்கி ஸ்ட்ரைக், பார்லிமென்ட் ஐந்தும் சிகரெட் பெயர்கள். எண்களை மாற்றாதீர்கள், கடைசிவரை அவற்றைச் சொல்லித்தான் பேசப்போகிறோம்.

1. வரிசையாக ஐந்து வீடுகள்.
2. ஆங்கிலேயர் சிவப்பு வீட்டில் இருக்கிறார்.
3. ஸ்பானியர் நாய் வளர்க்கிறார்.
4. பச்சை வீட்டில் காபி குடிக்கிறார்கள்.
5. உக்ரேனியர் டீ குடிக்கிறார்.
6. தந்த நிற வீட்டை ஒட்டி அதன் வலப்பக்கத்தில் பச்சை வீடு.
7. ஓல்டு கோல்டு பிடிப்பவர் நத்தை வளர்க்கிறார்.
8. மஞ்சள் வீட்டில் கூல் பிடிக்கிறார்கள்.
9. நடு வீட்டில் பால்.
10. நார்வேக்காரர் முதல் வீட்டில்.
11. செஸ்டர்ஃபீல்டு பிடிப்பவரின் பக்கத்து வீட்டில் நரி இருக்கிறது.
12. கூல் பிடிக்கும் வீட்டின் பக்கத்து வீட்டில் குதிரை இருக்கிறது.
13. லக்கி ஸ்ட்ரைக் பிடிப்பவர் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறார்.
14. ஜப்பானியர் பார்லிமென்ட் பிடிக்கிறார்.
15. நார்வேக்காரரின் பக்கத்து வீடு நீலம்.

தண்ணீர் குடிப்பவர் யார்? வரிக்குதிரை யாருடையது?

இவற்றோடு இதழ் இரண்டு விளக்கங்களையும் சேர்த்திருந்தது. வீட்டு நிறம், நாடு, வளர்ப்பு விலங்கு, பானம், சிகரெட் எதுவும் இரண்டு வீடுகளில் திரும்ப வராது. ஆறாம் துப்பில் 'வலம்' என்றால் படிப்பவருடைய வலம். முதல் விளக்கம் இல்லையென்றால் புதிரே கிடையாது. கழித்துக்கட்டுவது முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல் உண்டு. 11, 12, 15 மூன்றிலும் 'அடுத்த வீடு' என்று எழுதினால், படிப்பவர் மனம் தானாக வலப்பக்கம் போய்விடும். 'அடுத்த' என்பதற்கு 'இதற்குப் பின் வருவது' என்ற சாயல் நமக்கு இருக்கிறது. 'பக்கத்து வீடு' என்றால் இரு பக்கமும் அடங்கும். இந்தப் புதிரைத் தமிழில் யாருக்காவது சொல்கிறீர்கள் என்றால் 'பக்கத்து' என்றே சொல்லுங்கள்.

துப்புகளை இனம் பிரித்துப் பார்ப்போம். 9, 10 இரண்டும் இடத்தையே சொல்லிவிடுகின்றன. 6, 11, 12, 15 நான்கும் அக்கம்பக்கத்தைச் சொல்கின்றன. மீதி எட்டும் (2, 3, 4, 5, 7, 8, 13, 14) ஜோடித் துப்புகள்: இதுவும் அதுவும் ஒரே வீட்டில், எந்த வீடு என்று தெரியாது. பலர் இந்த எட்டையும் படித்துவிட்டு "இடம் தெரிந்தபின் பயன்படும்" என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஜோடித் துப்பு இடம் தெரியாத நேரத்தில்தான் அதிகம் உழைக்கும், திருப்பிப் போட்டு வாசித்தால். "ஆங்கிலேயர் சிவப்பு வீட்டில்" என்றால், சிவப்பு அல்லாத வீட்டில் ஆங்கிலேயர் இல்லை. ஆங்கிலேயர் அல்லாதவர் இருக்கும் வீடு சிவப்பு இல்லை. இந்த 'இல்லை'கள்தான் நமக்கு வேண்டிய சரக்கு.

இனி தாள். A4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள், நீளம் 29.7 செ.மீ. கிடைக்கும். இடது ஓரத்தில் 4 செ.மீ. தலைப்புக்கு விட்டு, மீதியில் 5 செ.மீ. அகலத்தில் ஐந்து பத்திகள். ஐந்தும் ஐந்து வீடுகள். 3 செ.மீ. உயரத்தில் ஐந்து வரிசைகள்: நிறம், நாடு, பானம், சிகரெட், விலங்கு. மொத்தம் 25 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வரிசைக்குரிய ஐந்து பெயர்களின் சுருக்கத்தையும் எழுதிவிடுங்கள். 125 சுருக்கங்கள் எழுத ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்க்காதீர்கள். இந்த 125-இல் 100-ஐக் காரணத்தோடு அடித்தால் 25 நிற்கும். வேலை அவ்வளவுதான்.

சுருக்கம் எழுதும்போது தமிழுக்கே உரிய ஒரு தொல்லை வரும். நாய், நரி, நத்தை, நார்வே, நீலம் எல்லாம் 'ந' வரிசை! வரிசைகள் தனித்தனி என்பதால் நார்வேயும் நாயும் மோதிக்கொள்ளாது. ஆனால் விலங்கு வரிசைக்குள்ளேயே மூன்று 'ந' இருக்கின்றன. அங்கே நாய், நரி, நத் என்றே எழுதுங்கள். குதிரைக்குக் கு, வரிக்குதிரைக்கு வ. நிறத்துக்கு சி, ப, ம, நீ, த. நாட்டுக்கு ஆ, ஸ், உ, நா, ஜ. பானத்துக்கு கா, டீ, பா, ஜூ, த. சிகரெட்டுக்கு கூ, ஓ, செ, ல, பார்.

அடிக்கும்போது ரப்பரால் அழிக்காமல் ஒற்றைக் கோடு போடுங்கள், எழுத்து கீழே தெரிய வேண்டும். கோட்டின் மேல் பொடியாகத் துப்பு எண். பின்னால் ஏதோ இடிக்கிறது என்றால், எந்தக் கோடு எந்தத் துப்பால் வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். எண் இல்லாத தாளில் பிழை வந்தால், முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி.

ஒரு கட்டத்தில் ஒரு பெயர் உறுதியானால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். அதே கட்டத்தில் மற்ற நான்கும் அடிபடும். அதே வரிசையின் மற்ற நான்கு கட்டங்களில் அந்தப் பெயரும் அடிபடும். ஆக எட்டுக் கோடுகள். இரண்டாவது நான்கை மறந்துவிடுவதுதான் சுடோகுவிலும் இதிலும் அடிக்கடி நடக்கும் பிழை. வட்டம் போட்ட கையோடு வரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தொடங்கலாம். 10-ஆம் துப்பால் நார்வேக்காரர் 1-ஆம் வீட்டில். அவருக்கு இடப்பக்கம் வீடே இல்லை, எனவே 15-ஆம் துப்பால் 2-ஆம் வீடு நீலம். 9-ஆம் துப்பால் 3-ஆம் வீட்டில் பால். மூன்று வட்டங்கள், 24 கோடுகள். இதுவரை எல்லோரும் வருவார்கள்.

அடுத்தது நிறம். தந்தமும் பச்சையும் ஒட்டி நிற்க வேண்டும், தந்தம் இடது, பச்சை வலது. 1-2 முடியாது, 2 நீலம். 2-3 முடியாது, அதே காரணம். மிஞ்சுவது 3-4 அல்லது 4-5. இரண்டில் எது என்று இப்போது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இங்கே நின்று "3-4 என்று வைத்துக்கொள்வோம்" என்று கிளம்பாதீர்கள். எதிர்க்கேள்வி கேளுங்கள்: 1-ஆம் வீட்டுக்கு எது வராது? நீலம் போய்விட்டது. சிவப்பு வராது, அங்கே இருப்பவர் நார்வேக்காரர், சிவப்பு ஆங்கிலேயருடையது. பச்சை வராது, அதற்கு இடப்பக்கம் தந்த வீடு வேண்டும். தந்தம் வராது, அதன் வலப்பக்கம் பச்சை வேண்டும், அங்கே நீலம். மிச்சம் மஞ்சள்.

நிற வரிசையை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்த அடியின் வலு தெரியும். ஐந்து நிறங்களை ஐந்து வீடுகளில் வைக்க 120 வழிகள். 2-ஆம் வீடு நீலம் என்றதும் 24. தந்தம்-பச்சை ஒட்டு வந்ததும் 4. சிவப்பு 1-ஆம் வீட்டில் இல்லை என்றதும் 2. அந்த இரண்டிலுமே 1-ஆம் வீடு மஞ்சள். எந்த வழி சரி என்று தெரியாமலேயே, இரண்டுக்கும் பொதுவாக உள்ளதை எடுத்துக்கொண்டோம்.

மஞ்சள் வந்ததும் 8-ஆம் துப்பால் 1-இல் கூல். 12-ஆம் துப்பால் குதிரை பக்கத்து வீட்டில். 1-க்கு ஒரே பக்கத்து வீடு 2. குதிரை 2-இல்.

இப்போது 1-ஆம் வீட்டின் பானம். பால் இல்லை, அது 3-இல். காபி இல்லை, அது பச்சை வீட்டுக்கு. டீ இல்லை, அது உக்ரேனியருக்கு. ஜூஸ் இல்லை, அது லக்கி ஸ்ட்ரைக்கோடு போவது, இங்கே கூல். மிச்சம் தண்ணீர். முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது: தண்ணீர் குடிப்பவர் நார்வேக்காரர். நான்கு கோடுகளுக்கு நான்கு காரணங்கள், நான்கும் வெவ்வேறு துப்புகளிலிருந்து.

இதற்குப் பிறகுதான் பெரும்பாலானோர் முட்டி நிற்கிறார்கள். நேராக வைக்கக்கூடிய துப்பு ஒன்றும் கண்ணில் படாது. தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்; பிறகு பொறுமை இழந்து ஆங்கிலேயரை ஏதாவது ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். முட்டி நிற்கும்போது செய்ய வேண்டியது வேறு: அதிகம் விவரம் தெரிந்த, ஆனால் இன்னும் முடியாத வீட்டைத் தேடுங்கள். இப்போது அது 2-ஆம் வீடு. நிறம் நீலம், விலங்கு குதிரை. நாடு, பானம், சிகரெட் மூன்றும் காலி.

அங்கே யார் இருக்க முடியாது? நார்வேக்காரர் 1-இல். ஆங்கிலேயர் இல்லை, வீடு சிவப்பில்லை. ஸ்பானியர் இல்லை, அவரிடம் நாய், இங்கே குதிரை. நிற்பது உக்ரேனியர், ஜப்பானியர். பானம்? பாலும் தண்ணீரும் போய்விட்டன, வீடு நீலம் என்பதால் காபி இல்லை. நிற்பது டீ, ஜூஸ்.

இரண்டு இரண்டாக நிற்கிறது. இங்கே இரண்டு துப்புகளைச் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஜப்பானியர் பிடிப்பது பார்லிமென்ட் (14). ஜூஸ் குடிப்பவர் பிடிப்பது லக்கி ஸ்ட்ரைக் (13). அப்படியானால் ஜப்பானியர் ஜூஸ் குடிப்பவர் அல்ல. டீயும் அவருடையது அல்ல, அது உக்ரேனியருடையது (5). 2-ஆம் வீட்டில் டீ அல்லது ஜூஸ். ஜப்பானியர் இரண்டையும் தொடமாட்டார். ஆகவே அவர் அங்கே இல்லை. 2-ஆம் வீடு உக்ரேனியருடையது, பானம் டீ.

இந்தப் புதிரின் திறவுகோல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இதுதான். "ஜப்பானியர் ஜூஸ் குடிக்கமாட்டார்" என்று எந்தத் துப்பும் சொல்லவில்லை. 13-உம் 14-உம் ஒரே வரிசையில், சிகரெட்டில், மோதுவதால் பிறந்தது அது. ஜோடித் துப்புகள் இரண்டு ஒரே வரிசையில் வெவ்வேறு பெயர்களைத் தொட்டால், அவற்றின் மறுமுனைகள் ஒரே வீட்டில் சேராது. 3-உம் 7-உம் விலங்கு வரிசையில் மோதுகின்றன: ஸ்பானியர் ஓல்டு கோல்டு பிடிக்கமாட்டார். 5-உம் 13-உம் பானத்தில் மோதுகின்றன: உக்ரேனியர் லக்கி ஸ்ட்ரைக் பிடிக்கமாட்டார். 4-உம் 5-உம்: உக்ரேனியர் பச்சை வீட்டில் இல்லை. 2-உம் 8-உம்: ஆங்கிலேயர் கூல் பிடிக்கமாட்டார். முட்டி நிற்கும்போதெல்லாம் இப்படி இரண்டிரண்டாக எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் உடனே பயன்படாது, ஆனால் பயன்படப்போவது அவற்றுக்குள்தான் இருக்கும்.

ஓரத்தில் எழுதியதை உடனே பயன்படுத்தலாம். 2-ஆம் வீட்டு சிகரெட்: கூல் இல்லை, 1-இல். ஓல்டு கோல்டு இல்லை, அதோடு நத்தை வர வேண்டும், இங்கே குதிரை. லக்கி ஸ்ட்ரைக் இல்லை, பார்லிமென்ட் ஜப்பானியருடையது. மிச்சம் செஸ்டர்ஃபீல்டு. 11-ஆம் துப்பால் நரி 1-இல் அல்லது 3-இல். எது என்று இப்போது வேண்டாம். 4, 5-இல் நரியை மட்டும் அடித்துவிட்டுப் போங்கள்.

இனி 3, 4, 5. மீதி ஆட்கள் ஆங்கிலேயர், ஸ்பானியர், ஜப்பானியர். மீதி சிகரெட் ஓல்டு கோல்டு, லக்கி ஸ்ட்ரைக், பார்லிமென்ட். இங்கே கட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். பார்லிமென்ட் ஜப்பானியருக்கு. ஸ்பானியர் ஓல்டு கோல்டு பிடிக்கமாட்டார் என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஆக ஸ்பானியருக்கு லக்கி ஸ்ட்ரைக், அதோடு ஜூஸ். ஆங்கிலேயருக்கு ஓல்டு கோல்டு, அதோடு நத்தை. யார் எந்த வீட்டில் என்று தெரியாமலேயே மூவரின் பழக்கவழக்கமும் தெரிந்துவிட்டது.

நிறத்தில் விட்டுவைத்த இரண்டு வழிகளுக்குத் திரும்புவோம். முதல் வழி: 3 தந்தம், 4 பச்சை, 5 சிவப்பு. 3-இல் பால், 4-இல் பச்சை வீட்டுக் காபி. ஜூஸுக்கு 5 மட்டுமே இடம். ஜூஸ் என்றால் ஸ்பானியர். ஆனால் 5 சிவப்பு, அங்கே ஆங்கிலேயர்தான் இருக்க முடியும். இடித்துவிட்டது. இந்த வழி போயிற்று. இரண்டாம் வழி மட்டுமே நிற்கிறது: 3 சிவப்பு, 4 தந்தம், 5 பச்சை.

3-இல் ஆங்கிலேயர், பால், ஓல்டு கோல்டு, நத்தை. 5-இல் காபி, எனவே ஜூஸ் 4-இல். அங்கே ஸ்பானியர், லக்கி ஸ்ட்ரைக், நாய். 5-இல் ஜப்பானியர், பார்லிமென்ட். நரி 1 அல்லது 3 என்றோம். 3-இல் நத்தை, எனவே நரி 1-இல், நார்வேக்காரரிடம். விலங்கு வரிசையில் காலியாக நிற்பது 5-ஆம் வீடு. வரிக்குதிரை ஜப்பானியருடையது.

முடித்ததும் 15 துப்புகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை தாளோடு ஒப்பிடுங்கள், ஒரு நிமிட வேலை. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவர் ஊகித்து வைத்துப் பார்த்து இதே அட்டவணையை அடைந்திருந்தால், துப்புகளோடு ஒத்துப்போகும் ஓர் ஏற்பாடு உண்டு என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். வேறொன்று இல்லை என்று சொல்ல முடியாது. நூறு கோடுகளையும் காரணத்தோடு போட்டவருக்கு வேறு ஏற்பாடே இல்லை என்பதும் சேர்த்தே கிடைத்துவிடுகிறது. கழித்துக்கட்டுவதை நான் ஊகத்தைவிட இவ்வளவு உயர்த்திச் சொல்வது இதற்காகத்தான்.

"அப்படியானால் நிறத்தின் முதல் வழியைச் சோதித்தது ஊகம் இல்லையா?" என்று கேட்கலாம். இல்லை. இரண்டே வழிகள் என்று முதலில் நிறுவிவிட்டு, ஒன்று இடிக்கிறது என்று காட்டினோம். எத்தனை வழிகள் என்று தெரியாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் ஊகம். இப்படிக் கிளை பிரித்துப் பார்க்க வேண்டி வந்தால் அசல் தாளில் எழுதாதீர்கள். வேறு தாளில் அல்லது வேறு நிறப் பேனாவில் செய்யுங்கள். அதுவும் மூன்று நான்கு அடிக்குள் இடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுத் திரும்புங்கள். தவறான கிளையைத் தேர்ந்திருக்கலாம்.

எல்லா வழிகளையும் ஒன்றொன்றாகச் சோதித்தால் என்ன? ஒவ்வொரு வரிசைக்கும் 120 வழிகள், ஐந்து வரிசைகள்: 24,883,200,000 ஏற்பாடுகள், அதாவது 2,488 கோடியே 32 லட்சம். நொடிக்கு ஒன்று பார்த்தால் 2,88,000 நாட்கள், ஏறக்குறைய 789 ஆண்டுகள். கணினிக்கும் இந்தப் புதிரைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ப்ரோலாக் என்ற நிரல்மொழியைக் கற்பவர்கள் பெரும்பாலும் இதை ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். நல்ல நிரல் எழுதுபவர் அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யவைக்கிறார்: கட்டத்துக்குக் கட்டம் 'இன்னும் நிற்பவை' பட்டியல் வைத்து, ஒன்று அடிபட்டதும் அதோடு தொடர்புள்ள கட்டங்களையெல்லாம் மறுபடி பார்ப்பது.

ஆங்கிலப் புதிர் இதழ்களில் வேறொரு கட்டம் அச்சிடுவார்கள்: படிக்கட்டுபோல, ஒவ்வொரு வகைக்கும் மற்ற ஒவ்வொரு வகைக்கும் 5×5 சதுரம், டிக் அல்லது பெருக்கல் குறி போட. ஜோடித் துப்புகள் மட்டுமே உள்ள புதிருக்கு அது அருமையானது. நாம் ஓரத்தில் எழுதிய 'ஸ்பானியர் ஓல்டு கோல்டு இல்லை' போன்றவற்றுக்கு அங்கே சொந்தக் கட்டமே உண்டு. ஆனால் வீட்டு எண்ணையும் ஒரு வகையாகச் சேர்த்தால் ஆறு வகைகள், 15 சதுரங்கள், 375 கட்டங்கள். அக்கம்பக்கத் துப்பு நான்கு உள்ள இந்தப் புதிருக்கு அது தோதுப்படாது, பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாது. வீடுகளை வரிசையாக வரைந்து, ஓரத்தில் குறிப்பு எழுதும் முறையே இதற்குச் சரி.

இடம்-வலம் பற்றி ஒரு வார்த்தை. ஆறாம் துப்பை மாற்றிப் படித்து, பச்சையைத் தந்தத்துக்கு இடப்பக்கம் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பச்சை 3-இல் வர முடியாது, அங்கே பால் இருக்கிறது. 4 பச்சை, 5 தந்தம். 1 மஞ்சளாகவே இருக்கும், 3 சிவப்பாகவே இருக்கும். 1, 2, 3 வீடுகளில் எதுவும் மாறாது. 4-உம் 5-உம் அப்படியே இடம் மாறிக்கொள்ளும். தண்ணீர் நார்வேக்காரருக்குத்தான், வரிக்குதிரை ஜப்பானியருக்குத்தான்! முதல் வீடு எந்தப் பக்கம் என்று தகராறு வந்தாலும் விடை பிழைத்துவிடும்.

ஆனால் 'ஒட்டி' என்ற சொல்லை விட்டுவிட்டால் பிழைக்காது. பச்சை வலப்பக்கம் எங்காவது இருந்தால் போதும் என்றால், 1-ஆம் வீடு தந்தமாக இருக்கலாம். மஞ்சள் என்று சொன்ன அடி அங்கேயே உடைகிறது. மீன் யாருடையது என்று கேட்கும் இன்னொரு வடிவம் உண்டு, ஜெர்மானியர் விடையாக வருவது. வாட்ஸாப்பில் வருவது பெரும்பாலும் அதுதான். அதில் பல பிரதிகளில் "பச்சை வீடு வெள்ளை வீட்டுக்கு இடப்பக்கம்" என்று மட்டும் இருக்கும், 'ஒட்டி' இருக்காது. அதை அப்படியே படித்தால் 1-ஆம் வீடு பச்சையாக இருப்பதை அடிக்க வழியில்லாமல் திணறுவீர்கள். உங்கள் மூளையில் கோளாறு இல்லை, துப்பைப் பிரதி எடுத்தவர் ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டார். 'ஒட்டி' என்று சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

அக்கம்பக்கத் துப்பில் நழுவவிடும் இன்னொன்று: பக்கத்து வீடு என்றால் அதே வீடு இல்லை. கூல் இருக்கும் வீட்டில் குதிரை கிடையாது, செஸ்டர்ஃபீல்டு இருக்கும் வீட்டில் நரி கிடையாது. இந்தப் புதிரில் அவை தானாகவே அடிபட்டுவிடுகின்றன. மற்றவற்றில் அந்த ஒரு கோடுதான் வழி திறக்கும்.

விடையைப் பார்த்துவிட்டவர்களுக்கும் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. துப்பு ஒன்றை மறைத்துவிட்டு மறுபடி போடுவது. 11-ஐ மறைத்துப் பாருங்கள். மேலே சொன்ன அடிகளில் நரிக்கு மட்டும்தான் அதைத் தொட்டோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 25-இல் 23 கட்டங்கள் அதே மாதிரி நிரம்பிவிடும். நார்வேக்காரரின் விலங்கும் ஜப்பானியரின் விலங்கும் மட்டும் நிற்கும், நரியும் வரிக்குதிரையும் எதிரெதிரே. வரிக்குதிரை யாருடையது என்ற கேள்வி முழுக்க அந்த ஒரு துப்பின் நுனியில் தொங்குகிறது. 10-ஐ மறைத்தால் எத்தனை கட்டங்கள் திறந்துகொள்கின்றன, 9-ஐ மறைத்தால் எத்தனை என்று தாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சொந்தமாகப் புதிர் கட்டுபவர்களுக்கும் இதே வேலைதான், தலைகீழாக. முதலில் நிரம்பிய அட்டவணையை எழுதுங்கள். மூன்று வீடு, மூன்று வரிசை போதும். அதிலிருந்து தோன்றும் துப்புகளையெல்லாம் எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக மறைத்துப் புதிரைத் தீர்த்துப் பாருங்கள். மறைத்தும் ஒரே விடை வந்தால் அந்தத் துப்பைத் தூக்கிவிடலாம். இரண்டு விடை வந்தால் திரும்ப வையுங்கள். இனி எதையும் தூக்க முடியாது என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். பிறகு கேள்விக்குரிய பொருளைத் துப்புகளிலிருந்து ஒளித்துவையுங்கள், வரிக்குதிரையை ஒளித்ததுபோல.